திருகோணமலையில் நிலவறை தோண்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வீட்டுப் பக்கத்தில், வீட்டில் வைன் அறை அமைப்பது, அதற்கு நிலவறை தோண்டுவது பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. கல் வளைவு, மரத் தட்டுகள், மங்கிய வெளிச்சத்தில் தூசி படிந்த போத்தல்கள் என்று படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சொன்ன யோசனைகளில் பாதியை நான் இங்கே உப்புவெளியில் செய்து பார்த்து, காசும் போய், வைனும் போய், வீட்டில் பேச்சும் வாங்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இடம் போதாது என்றால் எங்கேயாவது வெட்டுங்கள், நிலவறை பற்றி எழுதியதை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பாரிசில் 24 வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவன். கோப்பை கழுவுவதில் தொடங்கி கடைசியில் அடுப்படி வரைக்கும் வந்தேன். வைன் குடித்துப் பழகியதை விடத் தூக்கிப் பழகியதுதான் அதிகம். முதல் ஏழெட்டு வருடமும் மாலையில் நிலவறைக்கு இறங்கி அன்றைக்கு இரவுக்கு வேண்டிய பெட்டிகளை மேலே கொண்டு வருவது என் வேலையாக இருந்தது. அந்த அறையில் மெசின் ஒன்றும் கிடையாது. மேலே ஆகஸ்ட் மாதச் சமையலறை வெந்துகொண்டிருக்கும், கீழே இறங்கிய மூன்றாவது நிமிடம் முதுகு வியர்வை குளிரத் தொடங்கிவிடும். ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது அதே அறை இதமாக இருக்கும். அறை மாறவில்லை, நாங்கள்தான் மாறி மாறி உள்ளே போனோம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இந்த அனுபவத்தை நம்பித்தான் ஊருக்குத் திரும்பியதும் நான் முதல் பிழையை விட்டேன். 2019இல் வீடு கட்டும்போது, ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்றாகக் கொண்டு வந்ததும் அங்கிருந்து வந்த நண்பர்கள் தந்ததுமாக என்னிடம் 31 போத்தல் சேர்ந்திருந்தது. சரி, மாடிப்படிக்குக் கீழே ஏழடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழியறை போடுவோம் என்று மேசனிடம் சொன்னேன். அந்தத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, நாலடியிலேயே தண்ணி வரும், மாரிக்கு உங்கட போத்தல் எல்லாம் மிதக்கும்" என்றான். நான் கேட்கவில்லை. தோண்டினோம். நாலடி கூடப் போகவில்லை, ஊறத் தொடங்கியது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணல் நிலத்தில் வேறென்ன வரும்?

தண்ணீர் வராத மேட்டு நிலம் என்றால் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். உவர்மலைப் பக்கம் வீடு உள்ள என் மச்சானும் இதைத்தான் கேட்டார். அங்கேயும் சரிவராது, அதற்குக் காரணம் தண்ணீரை விடப் பெரியது. நிலத்துக்குள் சில மீற்றர் ஆழம் போனால் பகல் இரவு வித்தியாசமும் கோடை மாரி வித்தியாசமும் தேய்ந்து போய், அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பநிலைக்குக் கிட்ட மண் நின்றுவிடும். பாரிசின் வருடச் சராசரி 12 பாகை செல்சியஸுக்குக் கிட்ட. வைனுக்கு உகந்தது 12, 13 என்று புத்தகங்கள் எழுதுவதும் அங்கே மண் இயல்பாகவே அந்த அளவில் இருப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை, நிலவறையில் வைத்துப் பழகித்தானே அந்த வழக்கம் வந்தது. பிள்ளைகளை ஒருமுறை பாரிசின் எலும்புச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போனேன், 131 படி இறங்கி 20 மீற்றர் ஆழத்துக்குப் போக வேண்டும், வருடம் முழுவதும் 14 பாகை. சின்னவள் ஜூலை மாதத்தில் சுவெட்டர் கேட்டு அழுதாள்.

திருகோணமலையின் வருடச் சராசரி 28 பாகைக்குக் கிட்ட. அப்படியானால் இங்கே இருபது அடி தோண்டினாலும் நூறு அடி தோண்டினாலும் கிடைக்கப் போவது 28தான். அசையாமல் 28இல் நிற்கும், அது ஒரு நன்மை, ஆனால் வைனுக்கு 28 என்பது மெதுவாக வேகும் அடுப்பு. அதுவும் யாரிடம் தோண்டச் சொல்கிறீர்கள்? கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வெந்நீர் ஊறுகிற ஊர்க்காரரிடம்! நுவரெலியாவில் வீடு வைத்திருப்பவர் தோண்டட்டும், அங்கே வருடச் சராசரியே 16 பாகைக்குக் கிட்ட, அவருக்குத் தோண்டாமலே பாதி வேலை முடிந்தது. கட்டுரையில் இந்த வித்தியாசம் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

குழியை மூடிவிட்டு அதே மாடிப்படிக்குக் கீழே, தரை மட்டத்தில், ஒரு அலுமாரி அடித்து போத்தல்களைப் படுக்கப் போட்டேன். வெயில் படாத இடம், தொட்டால் தரை குளிர்ச்சி, போதும் என்று நினைத்தேன். தரை குளிர்ச்சியாகத் தெரிவது நம் பாதம் 33 பாகையில் இருப்பதால்தான், ஓடு 29இல் இருந்தாலும் அப்படித்தான் தெரியும். கையால் தொட்டுப் பார்த்து வெப்பநிலை சொல்லாதீர்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற, வயரின் நுனியில் முனை வைத்த சின்ன தெர்மோமீட்டர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு வெறும் வைன் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அந்த முனையை உள்ளே இறக்கி, வாயைச் சொப்பிங் பையும் றப்பர் வளையமும் கொண்டு இறுக்கி, மற்றப் போத்தல்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள். வைனுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் அந்தத் தண்ணீருக்கும் நடக்கும். சுவரில் தொங்கும் தெர்மோமீட்டர் காட்டுவது காற்றின் வெப்பநிலையை, அது கதவைத் திறந்தாலே ஆடும்.

நான் ஒரு வருடம் அந்தப் போத்தலை வீடெல்லாம் மாற்றி மாற்றி வைத்துக் குறித்தேன். மாடிப்படிக்குக் கீழே மாரியில் 27, கச்சான் வீசும் மாதங்களில் 30, 31. (வெளியூர் வாசகர்களுக்கு: கச்சான் என்றால் இங்கே கடலை மட்டுமல்ல, ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வந்து உதட்டை வெடிக்க வைக்கிற காற்றும்தான்.) படுக்கையறை அலுமாரியிலும் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் ஏற்ற இறக்கம் அதிகம். சமையலறையில் பிரிட்ஜுக்கு மேலே 34. எத்தனை வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த போத்தல் அந்த பிரிட்ஜ் தலையில்தான் நிற்கிறது, காட்சிக்கு! பிரிட்ஜ் தன் வயிற்றுச் சூட்டை எல்லாம் பின்பக்கத்தால் மேலே தள்ளுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அந்த அலுமாரியில் இரண்டு வருடம் இருந்த ஒரு போத்தலை மகளின் பிறந்தநாளுக்கு எடுத்தேன். கழுத்தைச் சுற்றியிருக்கும் தகட்டு உறையை விரலால் திருகினால் நல்ல போத்தலில் அது சுழலும், இது சுழலவில்லை, பிசின் போட்டது போல் ஒட்டிப்போயிருந்தது. உரித்துப் பார்த்தால் தக்கை ஒரு அரிசி மணி உயரத்துக்கு மேலே கிளம்பியிருக்கிறது. தக்கையை இழுத்து எடுத்தபோது அதன் ஒரு பக்கம் முழுக்க அடியிலிருந்து உச்சி வரை சிவப்புக் கோடு, வைன் வழி கண்டுபிடித்து ஏறி வந்த பாதை. ஊற்றினால் விளிம்பில் செங்கல் நிறம். வாயில் வைத்தால் காய்ச்சிய பழப்பாகு, பின்னால் ஒரு புளிப்பு. மனைவி மோந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேசாம வினாகிரிக் கடை ஒண்டு போடுங்கோ" என்றாள். மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அது எனக்கு வேலையிலிருந்து நிற்கும்போது முதலாளி தந்த போத்தல்.

இதில் இரண்டு விதமான சேதம் இருக்கிறது, கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. ஒன்று, சூடு கூடக் கூட உள்ளே நடக்கும் மாற்றங்கள் வேகமாகும். பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு வேகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அப்படியானால் பத்து வருடத்தில் முதிர வேண்டிய வைன் இங்கே மூன்று வருடத்தில் முதிர்ந்துவிடுமே, நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எல்லா மாற்றமும் ஒரே அளவில் வேகம் எடுக்காது, சிலது நடக்கும், சிலது ஓடும். மரத்தில் முற்றிப் பழுத்த கறுத்தக் கொழும்பான் மாம்பழத்துக்கும் அவசரத்துக்குப் புகை போட்டுப் பழுக்க வைத்ததற்கும் நிறம் ஒன்றுதான், வாயில் வைத்தால் தெரியும். 21, 22 பாகையைத் தாண்டி நெடுநாள் நின்றால் வைன் ஆயுளை இழக்கத் தொடங்கும், 27, 28க்கு மேல் மாதக் கணக்கில் நின்றால் அந்த வெந்த வாசனை வரும்.

மற்றது, ஏறி இறங்குவது. சூட்டில் வைன் வீங்கும். 750 மில்லிலீற்றர் போத்தல் 20 பாகையிலிருந்து 40க்கு ஏறினால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு கூடும். தக்கைக்கும் வைனுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடமும் அந்த அளவுதான். இடம் இல்லாமல் தக்கையைத் தள்ளும், ஓரத்தால் கசியும். இரவு குளிர்ந்ததும் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி மூச்சு விட்டால் எந்த வைன் தாங்கும்? இதனால்தான் இரவில் ஏசி போட்டுப் பகலில் நிறுத்துகிற படுக்கையறையில் வைன் வைக்காதீர்கள் என்கிறேன். இரவு 24, பகல் 32, அலுமாரிக்குள் ஆறுதலாக இருந்த போத்தலுக்குக் கூட அது நல்லதல்ல. மூடி திருகுமூடியாக இருந்தால் கசிவு குறையும், வேகுவது குறையாது.

ஏசி அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையில் சொன்னபடி சாதாரண ஏசியைப் பூட்டி 13 பாகைக்கு வைக்க முடியாது, வீட்டு ஏசி பெரும்பாலும் 16க்குக் கீழே இறங்காது, கொங்கிறீற் பிளேட் கூரை உள்ள வீட்டில் மத்தியானத்தில் அந்த 16ஐத் தொடுவதற்கே அது இரவு பகலாக ஓட வேண்டும். அதற்கென்று வரும் குளிர்மெசின் வேறு. அறையையே செய்வதென்றால் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் சூட்டைத் தடுக்கும் ரெஜிபோம் பலகை அடித்து, ஈரம் போகாத பிளாஸ்டிக் விரிப்பைச் சூடான பக்கத்தில், அதாவது நம் ஊரில் வெளிப்பக்கத்தில், போட வேண்டும். குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து உள்பக்கத்தில் போட்டால் வெளிக்காற்றின் ஈரம் ரெஜிபோமுக்குள் புகுந்து வியர்த்து, ஒரே மாரியில் சுவர் பூஞ்சணம் பிடிக்கும். இதைத் தெரிந்த மேசனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஈரப்பதம் கூட்டும் மெசின் வாங்கச் சொன்னதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், கார்த்திகை மார்கழியில் எங்கள் வீட்டில் சேட்டே பூக்கிறது.

என்னதான் செய்வது என்றால், பத்து முப்பது போத்தல் வைத்திருப்பவருக்கு வைன் பிரிட்ஜ் ஒன்றே வழி. ஆனால் அதிலும் நான் ஏமாந்தேன். நகரத்தில் ஒரு கடையில் சத்தமே இல்லை, நடுக்கமே இல்லை என்று காட்டி ஒன்றை விற்றார்கள். சத்தம் இல்லாததற்குக் காரணம் உள்ளே கொம்பிரசர் இல்லை, ஒரு சின்னத் தகடு மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் வகை. அது வெளியே இருக்கும் சூட்டிலிருந்து 15 பாகை அளவுதான் கழிக்கும், அதுவும் தன்னால் முடிந்தால். 22 பாகை உள்ள வீட்டில் அது நன்றாக வேலை செய்யும். கச்சான் காலத்தில் என் வீட்டில் 33இல் நின்றபோது உள்ளே 20, 21, முன்னாலே இருக்கும் எண் மட்டும் 13 என்று பொய் சொன்னது. தண்ணீர்ப் போத்தல் தெர்மோமீட்டர் இல்லாவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. விசிறி இரண்டு மாதத்தில் கத்தத் தொடங்கியது, பிறகு நின்றது. கடைக்காரர் எடுக்கவில்லை. "இது உங்கட வீட்டுச் சூட்டின்ட பிரச்சினை அண்ணை" என்றார். வாங்கும்போது என் வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே கொம்பிரசர் உள்ளதைக் கேளுங்கள். அதற்குப் பின்னால் அல்லது கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். காலநிலை வகை என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். 'என்' (N) என்று மட்டும் இருந்தால் அது 32 பாகை வரை உள்ள அறைக்குச் செய்தது, எஸ்டி (ST) என்றால் 38 வரை, டி (T) என்றால் 43 வரை. நமக்கு எஸ்டியாவது வேண்டும், டி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். சுவரில் ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் விடுங்கள். கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் பின்பக்கக் குழாய்களை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள், உப்புக் காற்று அதை எப்படித் தின்னும் என்று உப்புவெளிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடம் என்றால் ஸ்டெபிலைசர், கரண்ட் போய் வந்ததும் சில நிமிடம் தாமதித்துப் போடுகிற வகையாகப் பார்த்து.

கரண்ட். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாததுதான் எனக்குப் பெரிய வியப்பு. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டியதை மறந்துவிட்டோமா? அந்த நாட்களில் அந்தத் தகட்டு பிரிட்ஜ் காலையில் 18க்கு இறங்கும், மத்தியானம் 27, திரும்ப இரவு இறங்கும். என் 31இல் 11 அந்தக் காலத்தோடு போனது. முந்திய வருடங்களில் மாடிப்படிக்குக் கீழே வெந்தது எவ்வளவு, கரண்ட் கொன்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, நேர்மையாகச் சொல்வதென்றால் இரண்டும் சேர்ந்துதான். மீதியை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது இருக்கும் கொம்பிரசர் பிரிட்ஜில் நான் செய்வது இவ்வளவுதான். வைன் இல்லாத தட்டுகளில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களை அடுக்கி, எப்போதும் நிறைத்து வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் கதவைத் திறப்பதில்லை, மேலே ஒரு தடித்த போர்வை, பின்பக்கக் காற்றுவழியை மட்டும் மூடாமல். 2025 மாசி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய்ப் பட்டு நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன். அன்று ஐந்தாறு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது என் தண்ணீர்ப் போத்தல் 13இலிருந்து 16க்குத்தான் ஏறியிருந்தது. முப்பது போத்தலின் குளிர் தானாகவே ஒரு பட்டறி மாதிரி. அரைவாசி வெறுமையாக இருந்திருந்தால் இன்னும் விரைவாக ஏறியிருக்கும். ஒருநாள் 16க்கோ 18க்கோ போய் வருவதால் வைன் செத்துவிடாது, அதற்காக நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 13தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து மெசினை வதைப்பதை விட 15, 16இல் ஆடாமல் நிறுத்துவது இங்கே நல்லது, கரண்ட் பில்லுக்கும் நல்லது.

சாதாரண பிரிட்ஜில் வைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் குடிக்கப் போகிற போத்தல் என்றால் தாராளமாக, பிரிட்ஜ் தலையில் வைப்பதை விட வயிற்றில் வைப்பது ஆயிரம் மடங்கு மேல். வருடக் கணக்கில் வேண்டாம், 4 பாகையும் உலர்ந்த காற்றும் தக்கையைக் காய வைத்துவிடும், பக்கத்தில் கருவாட்டுப் பொட்டலமும் இருக்கும். வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இருட்டில் வையுங்கள், அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டு அக்கா வந்து, தன் இன்சுலினையும் என் வைன் பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டார், தங்கள் பிரிட்ஜ் பழுதாம். கூடாது. உடைக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும், என் பெட்டி 14இல் இருக்கிறது. எங்கள் சமையலறை பிரிட்ஜில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தோம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு யாரும் அப்படி யோசிக்கக் கூடும் என்பதற்காகச் சேர்த்திருக்கிறேன்.

ஊற்றும் சூட்டைப் பற்றியும் கட்டுரை ஒரு பழைய பிழையைத் திரும்பச் சொல்லியிருக்கிறது. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டுமாம். எந்த அறை? அந்தப் பேச்சு வந்த நாடுகளில், வீட்டுக்கு வீடு சூடாக்கும் மெசின் வராத காலத்து அறை, 16, 18 பாகை. நம் விறாந்தை 30. அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய மணம்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை பின்னால் எங்கேயோ நிற்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பிரிட்ஜில் போடுங்கள். மறந்துவிட்டால் வாளியில் ஐசும் தண்ணீரும் ஒரு பிடி உப்பும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெறும் ஐசை விடத் தண்ணீர் கலந்த ஐஸ் வேகமாகக் குளிர்த்தும், போத்தலை எல்லாப் பக்கமும் தொடுவதால். இதை மீன் வாடியில் வேலை செய்கிற எந்தப் பையனிடம் கேட்டாலும் சொல்வான்.

இவ்வளவு கரைச்சல் வேண்டாம் என்பவருக்கு ஒரு வைன் இருக்கிறது. அந்தக் காலத்தில் போர்த்துக்கலின் மதேரா தீவிலிருந்து பீப்பாயில் ஏற்றிய வைன் வெப்பமண்டலக் கடலில் மாதக் கணக்கில் வெந்து போய்த் திரும்பி வந்தபோது, கெடுவதற்குப் பதில் ருசி கூடியிருந்ததாம். அதிலிருந்து அதை வேண்டுமென்றே சுடவைத்துச் செய்யத் தொடங்கினார்கள், இன்றும் ஒரு வகையை 45, 50 பாகையில் மூன்று மாதமாவது வைத்துத்தான் செய்கிறார்கள். எரித்து முடித்த ஒன்றுக்கு நம் கச்சான் என்ன செய்யும்? திறந்த பிறகும் மாதக் கணக்கில் இருக்கும். கிடைப்பதுதான் அரிது, கிடைத்தால் பிரிட்ஜ் தலையில் வைத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதே போல, கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்கு வைக்கும் வைனில் ஸ்பிரிட் சேர்த்துச் செய்தது சாதாரண வைனை விட நம் சூட்டைத் தாங்கும். எங்கள் பங்கில் முன்பு திறந்த போத்தலைச் சன்னல் ஓரம் வைத்துவிட்டு, புளித்துவிட்டது என்று ஒவ்வொரு மாதமும் கவலைப்படுவார்கள். புளித்து வினாகிரி ஆனதைப் பூசைக்கு எடுக்க முடியாது. பிரிட்ஜில் வைக்கச் சொன்னேன், அதோடு பிரச்சினை தீர்ந்தது.

இதையெல்லாம் எழுதுவதால் குடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். என் பேச்சு, வாங்குகிறவர் எப்படியும் வாங்குகிறார், அந்தக் காசு வெயிலில் ஆவியாகக் கூடாது என்பதுதான். உண்மையில் திருகோணமலையில் வைன் சேர்ப்பதே பெரும்பாலானோருக்கு வேலையில்லாத வேலை. வாங்குங்கள், அந்த மாதமே குடித்து முடியுங்கள். கடையில் வாங்கும்போது மட்டும் சன்னல் பக்கம் வெயில் படும் தட்டில் நிற்பதை எடுக்காதீர்கள், கழுத்தைத் தடவிப் பாருங்கள், தகட்டு உறை சுழல்கிறதா, தக்கை மேலே தள்ளி நிற்கிறதா என்று. பிறகு காரின் டிக்கியில் போட்டுவிட்டு நிலாவெளிக்குக் குளிக்கப் போகாதீர்கள். பூட்டிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 50 பாகையைத் தாண்டும், நீங்கள் கடலில் நிற்கிற அந்த இரண்டு மணி நேரம் போதும்.

கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிலவறை வரியைத் திருத்தி, கரையோர ஊர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த ஞாயிறு போட வேண்டும், ஏனென்றால் என் மச்சான் உவர்மலையில் ஏற்கெனவே மேசனுக்கு முற்பணம் கொடுக்கப் போகிறார். மற்றது, அவர் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். முதலாளி தந்தது போய்விட்டது, ஆனால் அதே ஊர் வைன் இன்னும் இரண்டு போத்தல் 14 பாகையில் படுத்திருக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் நிரப்பிய அந்தப் போத்தலும், வயர் தொங்க.

இப்படிக்கு,
பாரிசிலிருந்து திரும்பிய ஒரு சமையல்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.